ஒருக்காத்தான் கேப்பினம்

தர்மிளாவைப் பற்றி ஆரும் கேட்டால் நான் முதல் சொல்லுறது, அவள் ஒருநாளும் நேரத்துக்கு வந்ததில்லை எண்டதுதான். புதன்கிழமை ரெண்டு மணிக்கு வா எண்டால் ரெண்டு இருபத்தைஞ்சுக்கு வருவாள். கேட்டால் ஆர்.ஈ.ஆர் டே ரயிலைச் சொல்லுவாள். பாரிசுக்கு வெளிய கார்ஜில இருந்து வாற எல்லாரும் அந்த ரயிலைத்தான் சொல்லுறவை, அது ஒழுங்கா ஓடுற ரயில் இல்லை எண்டு எனக்கும் தெரியும். ஆனா பிள்ளை, ஒவ்வொரு கிழமையும் ரயில் பிந்துதெண்டால் நீ ஒரு ரயில் முந்தி ஏறன். அதைச் சொன்னால் "ஓம் அன்ரி" எண்டு தலையை ஆட்டுவாள். அடுத்த புதனும் ரெண்டு இருபத்தைஞ்சுதான்.

என்ர பேர் புஸ்பராணி. மன்னார் ஆள், பாரிசுக்கு வந்து இருபத்தெட்டு வருசம். காலமையில ரூ பெர்தொனே தெருவில ஒரு நகைக்கடையில கவுண்டரில நிக்கிறன். பின்னேரத்தில லா சப்பல்ல எங்கட அசோசியேசன் மண்டபத்தில பிள்ளையளின்ர வீட்டுப்பாடத்தைப் பாக்கிறன். மண்டபம் எண்டு சொல்லுறது ஒரு மரியாதைக்கு. ஒரு கட்டிடத்தின்ர கீழ்வீட்டில ஒரு நீட்டு அறை, ஒரு ஜன்னல், ஒரு கக்கூஸ், மூண்டு மேசை. சம்பளம் கிடையாது. ஏன் உந்த வேலை எண்டு என்ர மனிசன் இண்டைக்கும் கேக்கிறார்.

பிள்ளையள் பதினொரு பேர். கனபேர் வன்னியிலயும் கிழக்கிலயும் இருந்து இந்த ஒண்டு ரெண்டு வருசத்துக்குள்ள வந்தவை. சிலபேருக்கு வீடே இல்லை. தாய் தேப்பன் பிள்ளையள் எல்லாரும் அரசாங்கம் வாடகை குடுக்கிற ஹொட்டேல் ஒண்டில ஒரு அறைக்குள்ள கிடக்கினம். அந்த அறையளில சமைக்க விடமாட்டினம். புதன்கிழமை பள்ளிக்கூடமும் இல்லை, பள்ளிக்கூடச் சாப்பாடும் இல்லை. அதால நாலு மணிக்கு நாங்கள் குடுக்கிற பாலும் பிரியோஷ் எண்ட இனிப்புப் பாணும் சில பிள்ளையளுக்கு அண்டைய மத்தியானச் சாப்பாடு.

போன ஒக்ரோபரில சமூகசேவை படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ஒண்டில இருந்து கடிதம் வந்தது. எங்கட மாணவி ஒராள் உங்களிட்டை ஆறு மாதம் ஸ்தாஜ் செய்ய விரும்புறா, வசதி குறைஞ்ச பிள்ளையளுக்கு நாலு பேரோட பழகுற முறையைச் சொல்லிக்குடுக்கிறதுதான் அவவின்ர பயிற்சி எண்டு போட்டிருந்தது. தமிழ்ப் பேர், இருபத்திரண்டு வயசு, கார்ஜில பிறந்து வளர்ந்தவள். எனக்கு வலு சந்தோசம். எங்கட பிள்ளைக்கு எங்கட பிள்ளையளை விளங்கும் எண்டு நினைச்சன். அந்த நினைப்புக்காகப் பிறகு என்னை நானே எத்தினையோ தரம் ஏசியிருக்கிறன்.

முதல் நாள் ஒரு பெரிய பையோட வந்தாள். உள்ளுக்கு பிளாஸ்ரிக் உறை போட்ட அட்டையள். சிரிக்கிற முகம், அழுகிற முகம், கோவ முகம், பயந்த முகம். ஒவ்வொரு பிள்ளையும் இண்டைக்குத் தன்ர மனம் எப்பிடி இருக்கெண்டு ஒரு அட்டையை எடுத்துக் காட்ட வேணுமாம். எங்களிட்டை ஜெனிஸ்டன், டெனிஸ்டன் எண்டு எட்டு வயசு ரெட்டைப் பெடியள் இருக்கிறாங்கள், சரியான குரங்குகள். ரெண்டும் கோவ முகங்கள் எல்லாத்தையும் பொறுக்கி நெத்தியில வைச்சுப் பிடிச்சுக்கொண்டு மேசைக்குக் கீழ பூந்துட்டுதுகள். தர்மிளா குனிஞ்சு நிண்டு பிரெஞ்சில, "நீங்கள் கோவமா இருக்கிறது எனக்கு விளங்குது" எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவங்கள் கோவமா இல்லை பிள்ளை, விளையாடுறாங்கள். பத்து நிமிசம் பொறுத்தன். பிறகு நான் ஒரு சத்தம் போட்டன், ரெண்டும் வெளிய வந்தாங்கள். அதுக்கு அவள் என்னைப் பாத்து, "அன்ரி, சத்தம் போடக்கூடாது" எண்டாள்.

எனக்குப் பத்திக்கொண்டு வந்ததுக்குக் காரணம் அட்டை இல்லை. நாலு பேரோட பழகிறதைச் சொல்லிக்குடுக்க வந்தவள் நாலு பேருக்கு முன்னால நிமிந்து ஒரு வசனம் கதைக்கமாட்டாள். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போக வாற தாய்மார் வாசலில நிண்டு "எப்பிடிப் பிள்ளை சுகம்" எண்டு கேட்டால், கேட்ட ஆளின்ர சப்பாத்தைப் பாத்துக்கொண்டு "ஓம்" எண்டுவாள். சுகமோ எண்டு கேட்டால் ஓமோ சொல்லுறது? வாய்க்குள்ள கொழுக்கட்டையோ எண்டு ரெண்டு தரம் கேட்டுப்போட்டன். சும்மா சொல்லக்கூடாது, கை வேலையெண்டால் குறை இல்லை. மேசை துடைக்கிறது, சின்னனுகளின்ர மூக்குத் துடைக்கிறது, போகேக்க கதிரை அடுக்கிறது எல்லாம் ஒருத்தரும் சொல்லாமலே செய்வாள்.

நவம்பரில ஒருநாள் கதிரை அடுக்கிக்கொண்டிருக்கேக்க தானாச் சொன்னாள். போன வருசம் வயசான ஆக்களின்ர விடுதி ஒண்டில ஸ்தாஜ் செய்தவளாம். ஆக்களோட கதைக்கிறாள் இல்லை எண்டு எழுதி அதில பெயில் விட்டுப்போட்டினமாம். இந்த முறையும் பெயில் எண்டால் பள்ளிக்கூடம் திருப்பி எடுக்காது. தாய் ஒரு ஹொட்டேல்ல அறை துப்பரவாக்கிறவ. அங்கை மேலாளரோட கதைச்சு மகளுக்கும் ஒரு இடம் சொல்லி வைச்சிருக்கிறாவாம், எதுக்கும் இருக்கட்டும் எண்டு.

"நீ என்ன சொல்லுறாய்?" எண்டு கேட்டன்.

"எனக்கு இந்த வேலைதான் வேணும் அன்ரி," எண்டாள். ஆறு மாதத்தில அவள் வேணும் எண்டு சொல்லி நான் கேட்டது அந்த ஒருக்காத்தான்.

மார்ச் மாதத்தில பள்ளிக்கூடத்தில இருந்து மதாம் ப்ரெவோ எண்ட ஆசிரியை வந்து ஒரு பின்னேரம் முழுக்க இருந்து பாப்பாவாம். அதுக்கு ஒரு பங்கு புள்ளி. மற்றப் பங்கு, ஒரு பிள்ளையைத் தெரிஞ்செடுத்து நாலு மாதம் கவனிச்சு எழுதுற கோப்புக்கு. தர்மிளா தெரிஞ்செடுத்தது அபிசனாவை.

அபிசனாவுக்கு ஒன்பது வயசு. கிளிநொச்சியில இருந்து வந்து எட்டு மாதம். தாயும் தேப்பனும் அவளுமா வில்லியே லு பெல் எண்ட ஊரில ஒரு ஹொட்டேல் அறையில இருக்கினம். வந்தால் சப்பாத்தை வாசலில நேரா வைப்பாள், இருக்கச் சொன்ன இடத்தில இருப்பாள், எழும்பச் சொன்னால் எழும்புவாள். சத்தம் வராது. எனக்கு அவளைப் பற்றிக் கவலைப்பட நேரம் இருக்கேல்லை. புதன்கிழமையில நான் மூலையில இருந்து தாய் தேப்பன்மாருக்குக் கடுதாசி நிரப்பிக்கொண்டிருப்பன். கரைச்சல் தராத பிள்ளையை ஆர் திரும்பிப் பாக்கிறது?

தர்மிளா நாலுமணிச் சாப்பாட்டையும் பாடமாக்கிப்போட்டாள். முந்தி நான் பாணை வெட்டி ஆளுக்கொரு துண்டு கையில குடுப்பன், வேலை முடிஞ்சுது. இப்ப அப்பிடி இல்லை. ஒரு பிள்ளை பாண் வைச்ச கோப்பையைத் தூக்கிக்கொண்டு மற்றப் பிள்ளையளிட்டைப் போய் "உங்களுக்கு வேணுமோ?" எண்டு கேக்கோணும். மற்றது வேணும் எண்டோ வேண்டாம் எண்டோ சொல்லோணும். வேண்டாம் எண்டால் அதை அப்பிடியே மதிச்சு அடுத்த ஆளிட்டைப் போகோணும். ஒருக்கா வேண்டாம் எண்ட பிள்ளையைத் திருப்பிக் கேட்டால் அது வற்புறுத்தல். அந்த விதியை நான் பிழையெண்டு சொல்லேல்லை. எனக்கும் ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கு, அவளவை வேண்டாம் எண்டால் வேண்டாம்தான் எண்டதை ஊருலகம் விளங்க வேணும் எண்டு நினைக்கிறவள்தான் நானும்.

பெப்ரவரியில ஒரு புதன், கடுதாசி நிரப்ப வாறன் எண்ட மனிசன் வரேல்லை. நான் சும்மா மேசைத் தொங்கலில, கடைசிக் கதிரையில இருந்து தோடம்பழம் உரிச்சுக்கொண்டு இருந்தன். ஜெனிஸ்டன் கோப்பையைக் கொண்டு அபிசனாவிட்டைப் போனான். "நோன், மெர்சி," எண்டாள் அவள், வேண்டாம் நன்றி எண்டு வலு மரியாதையா. அவன் தாண்டிப் போனான். தர்மிளா தன்ர அட்டவணையில ஒரு அடையாளம் போட்டாள். அபிசனாவின்ர கண் அந்தக் கோப்பையோட ஒவ்வொரு பிள்ளையா மேசையைச் சுத்திப் போய்த் திரும்பி வந்தது. கோப்பை வெறுமையாச்சுது. பக்கத்துப் பிள்ளை எழும்பிப் போனாப் பிறகு, அவள் விரலை நாக்கில தொட்டு, அந்தப் பிள்ளை சிந்தின தூளை மேசையில இருந்து ஒத்தி எடுத்து வாயில வைச்சாள்.

என்ர கையில இருந்த தோடம்பழம் அப்பிடியே நிண்டுது. எத்தினை வருசமா நகைக்கடையில நிக்கிறன். வாற சனத்துக்கு சோடா குடுக்கிறது எங்கட கடை வழக்கம். தாலிக்கொடிக்கு வந்த ஆக்களெண்டாலும் சரி, தோட்டுச் சுரை மாத்த வந்த ஆக்களெண்டாலும் சரி, முதல் தரம் ஓம் எண்டு சொன்ன ஒருத்தரை நான் கண்டதில்லை. "ஐயோ வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வந்தனாங்கள்" எண்டுவினம். ரெண்டாந்தரம், "சும்மா கரைச்சல்படாதேங்கோ." மூண்டாந்தரம் போத்திலை உடைச்சுக் கையில குடுத்தால், ஒரே மூச்சில முடியும். ஒரு வீட்டில குடுத்த உடனை வாங்கினால் காணாததைக் கண்டமாதிரி எண்டுதானே எங்களை வளத்தவை. அந்தப் பிள்ளையும் அப்பிடித்தான் வளந்தது. ரெண்டாந்தரம் கேப்பினம் எண்டு நாலு மாதமாப் பாத்துக்கொண்டு இருந்திருக்குது.

பிள்ளையள் போனாப் பிறகு தர்மிளா அபிசனாவைப் பற்றி எழுதுற கோப்பை வாங்கிப் பாத்தன். "சிறுமி தொடர்ந்து மறுக்கிறாள். குழுவோடு உணவைப் பகிர விருப்பமில்லை. ஒதுங்கும் போக்கு." பிரெஞ்சில வடிவான கையெழுத்து. பதினாலு புதன், பதினாலு அடையாளம்.

"எடி பிள்ளை," எண்டன், "நீ தமிழ்ப் பிள்ளைதானே? உங்கட வீட்டை ஆரும் வந்தால் தேத்தண்ணி குடிக்கிறியளோ எண்டு உன்ர அம்மா எத்தினை தரம் கேப்பா?"

சோதினையில கேள்வி கேட்டமாதிரி நெத்தியைச் சுருக்கி யோசிச்சாள். பிறகு சொன்னாள், "எங்கட வீட்டை ஒருத்தரும் வாறேல்லை அன்ரி."

"ஒருத்தருமோ?"

"அம்மா காலமை ஐஞ்சு மணிக்குப் போவா. அப்பா ரெஸ்ரோறண்ட் முடிஞ்சு வரேக்க நாங்கள் படுத்திடுவம். ஆர் வாறது? எங்களையும் ஒருத்தரும் கூப்பிடுறேல்லை."

கோவம் போகேல்லை, ஆரில கோவப்படுறது எண்டுதான் தெரியேல்லை. அபிசனாவின்ர விசயத்தை விளங்கப்படுத்தினன். "அப்ப அவ பசியோட இருந்தவவோ?" எண்டாள். "பின்னை?" எண்டன். தன்ர அட்டவணையைத் திறந்து பதினாலு அடையாளத்தையும் ஒவ்வொண்டா விரலால தொட்டுப் பாத்தாள்.

"மற்றக் கிழமையில இருந்து ரெண்டாந்தரம் கேள், சரிவந்திடும்," எண்டன்.

"மற்றக் கிழமை பள்ளிக்கூட விடுமுறை அன்ரி. ரெண்டு கிழமை. அது முடிய வாற முதல் புதன் மதாம் ப்ரெவோ வாறா. அவவுக்கு முன்னால அப்பிடிக் கேக்க ஏலாது. அது அவ படிப்பிச்ச விதி."

"அப்ப அந்தப் பிள்ளை அண்டைக்கும் தூள் பொறுக்கட்டும்."

அவள் அட்டவணையை மடிச்சுப் பைக்குள்ள வைச்சாள். கேட்ட உடனை ஓமெண்டு சொல்லாட்டி எனக்குச் சினம் வரும். "உன்ர இஸ்டம்" எண்டு சொல்லிப்போட்டுத் திறப்பை எடுத்தன்.

மதாம் ப்ரெவோ வாற அண்டைக்கு நான் ஒண்டே முக்காலுக்கு மண்டபத்துக்குப் போனால், தர்மிளா வாசலில நிக்கிறாள். மழை. தலையெல்லாம் நனைஞ்சு, அட்டைப் பையை மட்டும் ஜக்கெற்றுக்குள்ள மறைச்சு வைச்சுக்கொண்டு நிக்கிறாள். ஒரு மணிக்கே வந்திட்டாளாம். ஆறு மாதமாப் பிந்திப் பிந்தி வந்தவள் முந்தி வந்த ஒரு நாளிலயும் சரியான நேரத்துக்கு வரேல்லை. "எதிர்ப்பக்கம் கடை இருக்கே, அங்கையாவது ஒதுங்கியிருக்கலாமே" எண்டு கேட்டன். "வாங்காமல் எப்பிடி அன்ரி கடைக்குள்ள நிக்கிறது" எண்டாள். துவாயைத் தூக்கிக் குடுத்தன்.

மதாம் ப்ரெவோ கெட்ட மனிசி இல்லை. அதை முதலே சொல்லிப்போட வேணும். நரைச்ச தலை, மெல்லிய குரல், பிள்ளையளின்ர குட்டிக் கதிரையில முழங்கால் நாடிக்கு வர இருந்தா. ஒரு பிள்ளையிலயும் குறை சொல்லேல்லை. ரெட்டையர் கூட அண்டைக்கு முகத்தட்டையை ஒழுங்கா எடுத்துக் காட்டினாங்கள். டெனிஸ்டன் பயந்த முகத்தைத் தூக்கிப் பிடிச்சு, "இது எனக்கில்லை, தர்மிளா அக்காவுக்கு" எண்டான். மதாம் ப்ரெவோவுக்குச் சிரிப்பு வந்திட்டுது.

நாலு மணியாச்சுது. டெனிஸ்டன்தான் கோப்பை தூக்கிற ஆள். அபிசனாவிட்டைப் போனான். "உங்களுக்கு வேணுமோ?" "நோன், மெர்சி." விதிப்படி அடுத்த ஆளிட்டைத் திரும்பினான். தர்மிளாவின்ர கை நீண்டு கோப்பையைப் பிடிச்சுது.

"அபிசனா, ஒண்டு எடுங்கோவன்," எண்டாள். அதுவும் பிரெஞ்சில.

"நோன், மெர்சி."

மதாம் ப்ரெவோவின்ர பேனை நிண்டுது. தர்மிளா அந்தப் பேனையை ஒருக்காப் பாத்தாள். பாத்துப்போட்டு, கோப்பையைக் கொண்டுபோய் அபிசனாவின்ர முன்னால வைச்சு, தமிழில சொன்னாள், "எடு அபிசனா. இது உனக்கெண்டு வெட்டினது."

அவள் ரெண்டு கையாலயும் எடுத்தாள். அவசரப்படாமல், ஒரு தூளும் விழாமல், முழுக்கத் திண்டாள். தர்மிளா பக்கத்தில குந்தியிருந்து தன்ர உடைஞ்ச தமிழில சொல்லிக்குடுத்தாள்: "இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம். வேணுமெண்டால் முதல் தரமே ஓம் சொல்லு. ஆரும் வேண்டாம் எண்டாலும் நீ அதை நம்பு. திருப்பிக் கேக்காதை."

"அம்மா ஏசுவாவே?" எண்டு அபிசனா கேட்டாள். எட்டு மாதத்தில அவள் கேட்ட முதல் கேள்வி அதுவா இருக்கும்.

"அம்மாவோட நான் கதைக்கிறன். இன்னும் ஒண்டு வேணுமோ?"

"ஓம்," எண்டாள் அபிசனா.

பிள்ளையளுக்குப் படம் கீறக் குடுத்துப்போட்டு நாங்கள் மூண்டு பேரும் மேசைத் தொங்கலில இருந்தம். மதாம் ப்ரெவோ தன்ர கொப்பியைப் பாத்து ஆறுதலாக் கேட்டா. வேண்டாம் எண்ட பிள்ளையை ஏன் மூண்டு தரம் கேட்டீங்கள், ஏன் இடையில நான் விளங்காத மொழிக்கு மாறினீங்கள் எண்டு. நியாயமான கேள்விதான். தர்மிளா தொடங்கினாள், "எங்கட ஆக்களிட்டை..."

"எங்கட எண்டால்?" எண்டு அவ இடையில கேட்டா. குத்தலுக்கு இல்லை, விளங்கத்தான் கேட்டா. "நீங்கள் பிறந்தது கார்ஜில எல்லோ?"

அவ்வளவுதான், தர்மிளா பூட்டிக்கொண்டாள். "பர்தோன் மதாம்" எண்டு மன்னிப்புக் கேட்டுச் சப்பாத்தைப் பாக்கத் தொடங்கிட்டாள். எனக்கு மேசைக்குக் கீழால காலில ஒரு உதை குடுக்கோணும் போல இருந்தது. சொல்லன் பிள்ளை. ரெண்டு வசனம். அந்த ரெண்டு வசனத்திலதான் உன்ர படிப்பு கிடக்குது. சொல்லேல்லை. மதாம் ப்ரெவோ எழுதினா. எழுதிப்போட்டு என்ர பக்கம் திரும்பி, "மதாம், நீங்கள் ஏதாவது சொல்ல விரும்புறியளோ?" எண்டு கேட்டா.

என்னட்டை எல்லாம் ஆயத்தமா இருந்தது. நகைக்கடை, சோடா, பதினாலு புதன், மேசைத் தூள் எல்லாம் நாக்கு நுனியில நிக்குது. பெரிய படிச்ச மனிசி, அவ கேட்ட உடனை நான் வாயைத் திறந்து கொட்டலாமோ?

"இல்லை இல்லை," எண்டன். "நான் என்னத்தைச் சொல்லுறது."

அவ தலையை ஆட்டினா. கொப்பியை மூடினா. எங்கள் ரெண்டு பேருக்கும் கை தந்து, பிள்ளையளுக்குக் கையைக் காட்டி, குடையை எடுத்துக்கொண்டு போயிட்டா.

நான் கதிரையிலேயே இருந்தன். எனக்கு அவவிலதான் கோவம் கோவமா வந்தது. என்ன மனிசி இவ? நான் ஒரு மரியாதைக்கு இல்லை எண்டால், "பரவாயில்லை, சொல்லுங்கோ" எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாதோ? ஆறு மாதம் ஒரு பிள்ளையைப் பாத்தவளிட்டை ஒருக்காக் கேட்டுப்போட்டு எழும்பிப் போறதோ? தர்மிளா மேசை துடைச்சுக்கொண்டிருந்தாள். அவள் துடைக்கிற விதத்திலயே தெரிஞ்சுது, பெயில் எண்டு அவளுக்கு விளங்கிட்டுது.

அப்ப அபிசனா வந்தாள். கோப்பையில கடைசித் துண்டு ஒண்டு. "அன்ரி, உங்களுக்கு வேணுமோ?" எண்டு வடிவாக் கேட்டாள்.

நான் காலமை ஒரு தேத்தண்ணியோட வந்தவள், பசி வயித்தைப் பிராண்டுது. "வேண்டாம் பிள்ளை," எண்டன்.

"சரி அன்ரி," எண்டாள் அபிசனா. திரும்பிப் போய்த் தன்ர இடத்தில இருந்து அந்தத் துண்டைத் தானே தின்னத் தொடங்கினாள்.

நான் அவளைப் பாத்தன். தர்மிளா துடைக்கிறதை நிப்பாட்டி என்னைப் பாத்தாள். ஆறு மாதத்தில முதல் தரம் கண்ணுக்கு நேர பாத்தாள். "அன்ரி," எண்டாள், "ஒருக்காத்தான் கேப்பினம்."

கோதாரி. ஜக்கெற்றும் போடேல்லை, மண்டபத்துக்குள்ள போடுற செருப்போட வெளிய ஓடினன். மழைக்குள்ள, மரக்கறிக் கடைப் பெட்டியளுக்குள்ளால, "என்னக்கா, என்னக்கா" எண்டு கேட்ட சனத்துக்கு மறுமொழி சொல்லாமல் ஓடினன். ஐம்பத்தி மூண்டு வயசு, ரெண்டு முழங்காலும் பழுது. ஓடி ஓடி ஏசினது என்னைத்தான். பிள்ளைக்கு வாய் இல்லை, வாய் இல்லை எண்டு ஆறு மாதமாப் புறுபுறுத்தனே, தேவைப்பட்ட இடத்தில என்ர வாய் எங்கை போனது? லா சப்பல் மெத்ரோப் படியில அவ கால் வைக்கிற நேரம் பிடிச்சன். "மதாம்" எண்டன், அதுக்கு மேல மூச்சு வரேல்லை.

அவ பயந்துபோனா. என்ர கையைப் பிடிச்சுப் படியில இருத்தினா. பையில இருந்து தண்ணிப் போத்திலை எடுத்து, "தண்ணி வேணுமோ?" எண்டா.

வேண்டாம் எண்ட சொல்லு என்ர வாய்க்கு வந்திட்டுது. விழுங்கினன். "ஓம்," எண்டன். வாங்கிக் குடிச்சன்.

"என்னட்டை ஏதும் சொல்ல இருக்கோ எண்டு கேட்டியளே," எண்டன். "திருப்பி ஒருக்காக் கேளுங்கோ."

அவவுக்கு விளங்கேல்லை. எண்டாலும் கேட்டா.

"ஓம்," எண்டன். "கனக்க இருக்கு."

மூடின கொப்பியைத் திறந்து முழங்காலில வைச்சா. நான் சொல்லச் சொல்ல எழுதினா. மேலால மெத்ரோ எத்தினையோ தரம் போச்சுது, சனம் எங்கள் ரெண்டு பேரையும் ஏசிக்கொண்டு விலத்தி விலத்தி ஏறிச்சுது. பதினாலு புதனுக்கு வந்தபோது அவ எழுதுறதை விட்டிட்டு, "பதினாலோ?" எண்டு கேட்டா. பதினாலு எண்டன். கடைசியா, இதைத் தர்மிளா ஏன் தானே சொல்லேல்லை எண்டு கேட்டா. "சொல்லத் தொடங்கினவள் மதாம், நீங்கள் எங்கட எண்டால் ஆர் எண்டு கேட்டியள்" எண்டன். அவ அதையும் எழுதினா.

யூனில முடிவு வந்தது. பாஸ். மட்டுமட்டான பாஸ்தான், ஆனா பாஸ். தர்மிளா போனில சொல்லேக்க, "நல்லது, வாற ஞாயிறு அம்மாவையும் கூட்டிக்கொண்டு எங்கட வீட்டை வா" எண்டன். "சரி அன்ரி" எண்டு முதல் தரமே சொன்னாள்.

நாலு மணிக்கு வா எண்டால் நாலு நாப்பதுக்கு வந்தினம். ஆர்.ஈ.ஆர் டே. எனக்கு வடையெல்லாம் ஆறிப்போச்செண்ட எரிச்சல். தாய் மெலிஞ்ச மனிசி. சோபாவில சாயாமல் விளிம்பில இருந்தா, கைப்பையை மடியில வைச்சுக்கொண்டு. கை ரெண்டும் சவர்க்காரத் தண்ணியில வெடிச்சுக் கிடந்தது. இந்த நாட்டுக்கு வந்து எத்தினை வருசம் எண்டு கேட்டன். இருபத்தி மூண்டு எண்டா.

"தேத்தண்ணி குடிக்கிறியளோ?" எண்டன்.

"வேண்டாம் அக்கா, கரைச்சல்படாதேங்கோ," எண்டா.

தர்மிளா எனக்குப் பக்கத்தில வந்து காதுக்குள்ள சொன்னாள், "அன்ரி, திருப்பிக் கேளுங்கோ. அம்மாவை இஞ்சை ஆரும் கேட்டதில்லை."

எனக்குத் தெரியாதோ அது? எனக்குச் சொல்லித்தர வந்திட்டாள். "கொஞ்சமாக் குடியுங்கோவன்" எண்டன். வேண்டாம் எண்டா. தேத்தண்ணியை ஊத்திக் கொண்டுவந்து முன்னால வைச்சு மூண்டாந்தரம் கேட்டன்.

ஓம் எண்டா.